நூல் கொடுத்தவரும் நெய்தவரும்: ஃபிக்ஹின் கற்பனை வழக்குகள் குறித்து

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஃபர்கானாப் பகுதியில் வாழ்ந்த இமாம் புர்ஹானுத்தீன் அல்மர்கீனானி (ரஹ்) இயற்றிய ‘அல்ஹிதாயா’வில், கூலி ஒப்பந்தங்களைப் பேசும் இஜாரா பாடத்தில் ஒரு சிறு வழக்கு வருகிறது. ஒருவர் தம்மிடமுள்ள நூலை ஒரு நெசவாளரிடம் கொடுத்து, ஆடையாக நெய்து தரும்படியும், நெய்த ஆடையில் பாதியைக் கூலியாக எடுத்துக்கொள்ளும்படியும் கூறுகிறார். இவ்வொப்பந்தம் செல்லுமா? செல்லாது என்பது விடை.

சங்கரன்கோவிலில், விசைத்தறிகளின் ஓசை இடைவிடாது கேட்கும் ஒரு தெருவில், மத்ரஸாக் கல்வியை அண்மையில் முடித்த மூன்று இளைஞர்களுடன் அமர்ந்து இந்த மஸ்அலாவை வாசித்தபோது, அவர்களுள் தறிக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் சிரித்துவிட்டார். இவ்வூரில் எவரும் இப்படி நூல் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. கூலி ரொக்கமாக, நெய்த அளவுக்கு ஏற்பக் கணக்கிடப்படுகிறது. நடவாத ஒன்றுக்கு எண்ணூறு ஆண்டுகளாக ஏன் விடை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் கேட்டார். கேள்வியில் குறும்பு இருந்தது. ஆனால் அது குறும்பு மட்டுமன்று. இக்கட்டுரை அச்சிரிப்புக்கு நாம் தேடிய பதிலாகும்.

1980களுக்குப் பின் தமிழில் எழுந்த மத்ஹப் விவாதங்களைப் பின்தொடர்ந்தவர்கள் இச்சிரிப்பைப் பலமுறை கேட்டிருப்பர். ஃபிக்ஹு நூல்களில் காணப்படும் விசித்திரமான கற்பனைகளைத் தேடித் தொகுத்து, மேடையில் வாசித்துக் காட்டி, இதுவா மார்க்கம் என்று கேட்பது ஒரு விவாத உத்தியாகவே வளர்ந்தது. எதிர்த்தரப்பினர் அக்கற்பனைகளை விளக்க முற்படாமல், பெரியோர் எழுதியதைக் கேள்வி கேட்கலாகாது என்று அரண் எழுப்பினர். எள்ளியவர்கள் கற்பனை வழக்கை ஒரு தீர்ப்பாகவே வாசித்தனர். காத்தவர்களும் அப்படியே வாசித்தனர். அது ஒரு பயிற்சி என்பது இரு சாராருக்கும் தட்டுப்படவில்லை.

நடவாததைக் கேட்பதில் ஐயம் கொள்வது நம் மரபுக்குப் புதியதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் எவரேனும் ஒரு மஸ்அலாவைக் கேட்டால், இது நிகழ்ந்துள்ளதா என்று முதலில் வினவுவார்கள் என்றும், இல்லையெனில் நிகழும்வரை விட்டுவிடுமாறு கூறுவார்கள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஹஜருல் அஸ்வதைத் தொடுவது பற்றிக் கேட்ட ஒருவர், நெரிசல் ஏற்பட்டால் என்ன, நான் நெருக்கித் தள்ளப்பட்டால் என்ன என்று அடுக்கிக்கொண்டே போக, இப்னு உமர் (ரழி) அவரது ‘ஆனால் என்ன’வை யமனிலேயே விட்டுவரச் சொன்ன செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அரபியில் இக்கேள்வி வடிவத்துக்கு ‘அரஅய்த’ என்று பெயர். இப்படி நேர்ந்தால் நீர் என்ன கருதுவீர் என்பது பொருள். கூஃபாவில் இதனையே தொழிலாகக் கொண்டவர்களை ‘அரஅய்திய்யூன்’ என்று பிறர் ஏளனமாக அழைத்தனர்.

ஆயினும் வரலாறு ஏளனம் செய்தவர்கள் பக்கம் நிற்கவில்லை. கைரவானிலிருந்து மதீனா வந்த அஸத் இப்னுல் ஃபுராத், இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கேள்விமேல் கேள்வியாக அடுக்கியபோது, இத்தகைய கேள்விகள் வேண்டுமாயின் இராக் செல்லுமாறு அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. அவர் சென்றார், இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானியிடம் (ஹி. 189) கற்றார். பின்னர் எகிப்துக்கு வந்து, மாலிக்கின் முதன்மை மாணவரான இப்னுல் காஸிமிடம் கூஃபாவின் கேள்விகளையெல்லாம் முன்வைத்து, மாலிகி விடைகளைப் பெற்றார். அத்தொகுப்பை ஸஹ்னூன் (ஹி. 240) இப்னுல் காஸிமிடமே மீண்டும் எடுத்துச்சென்று திருத்திச் செப்பனிட்டதுதான் ‘அல்முதவ்வனா’. கற்பனை வழக்குகளை வெறுத்த மதீனாவின் மத்ஹபுக்குப் பேராதாரமாக அமைந்த நூல் பக்கத்துக்குப் பக்கம் ‘அரஅய்த’ என்று கேட்டுக்கொண்டே செல்கிறது.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் பஸராவின் கத்தாதாவுக்கும் நிகழ்ந்ததாக அல்கதீப் அல்பக்தாதி பதிவு செய்துள்ள உரையாடல் இப்பொருளில் எல்லோரும் எடுத்தாள்வது. கூஃபாவுக்கு வந்த கத்தாதா கேள்வி கேட்க அழைப்பு விடுக்கிறார். அபூ ஹனீஃபா எழுந்து, வெளியூர் சென்று பல்லாண்டுகள் திரும்பாத ஒருவரின் மனைவி, அவர் இறந்துவிட்டதாகக் கருதி மறுமணம் செய்துகொள்கிறாள். பின்னர் முதற்கணவர் திரும்பி வருகிறார். அவளது மஹர் முதலானவற்றின் நிலை என்ன என்று கேட்கிறார். இது நிகழ்ந்ததா என்கிறார் கத்தாதா. இல்லை. பின் ஏன் கேட்கிறீர்? சோதனை இறங்குமுன் அதற்கு ஆயத்தமாகிறோம். இறங்கினால் அதில் நுழையும் வழியும் வெளியேறும் வழியும் தெரிந்திருக்கும் என்ற கருத்தில் அபூ ஹனீஃபா பதிலளிக்கிறார். கற்பனை ஃபிக்ஹை ஆதரிப்போர் வழக்கமாக இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். அந்த வழக்கின் பிற்கால வாழ்வையும் பின்தொடர்ந்தால்தான் கற்பனையின் வலுவும் வறுமையும் ஒருங்கே தெரியும் என்று கருதுகிறோம்.

காணாமற்போன கணவரின் மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? உறுதியாக நிலைபெற்ற ஒன்று ஐயத்தால் நீங்காது என்பது அடிப்படை விதி. திருமணம் உறுதி, மரணம் ஐயம். ஆகவே கணவரின் சமவயதினர் அனைவரும் இறக்கும்வரை அவர் உயிரோடிருப்பதாகவே கொள்ளப்படும் என்றது ஹனஃபி மத்ஹப். பிறப்பிலிருந்து 120 ஆண்டுகள், 100 ஆண்டுகள், 90 ஆண்டுகள் என்று எண்ணிக்கை வகுத்தோரும் உண்டு. அலீ (ரழி) அவர்களின் கருத்து இதற்கு ஆதாரம். உமர் (ரழி) அவர்களோ நான்கு ஆண்டுகளும் அதன்பின் இத்தாவும் என்று தீர்ப்பளித்தார்கள். மாலிகி மத்ஹப் அதனை ஏற்றது. இமாம் ஷாஃபிஈயின் (ரஹ்) பழைய கருத்தும் நான்கு ஆண்டுகளே. புதிய கருத்து மரணம் உறுதியாகும்வரை காத்திருப்பு.

விதியை வழுவாது பொருத்தியதில் ஹனஃபி ஃபகீஹ்களிடம் பிழை காண இயலாது. ஆனால் வழக்கு எங்கிருந்து கற்பனை செய்யப்பட்டது என்று பாருங்கள். கூஃபாவின் கேள்வி, திரும்பி வந்து வாசலில் நிற்கும் கணவரிடமிருந்து தொடங்குகிறது. திரும்பி வராத கணவரின் வீட்டில், பத்தாம் ஆண்டில், செலவுக்கு வழியின்றி இருக்கும் பெண்ணிடமிருந்து அதே கேள்வியைத் தொடங்கியிருந்தால் வேறு விதிகளும் நினைவுக்கு வந்திருக்கும். தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதும் ஃபிக்ஹின் அடிப்படை விதியே அல்லவா?

இது நமக்குத் தொலைவிலிருக்கும் கதையன்று. சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே மலையடிவாரத்திலுள்ள கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் ஏராளமானோர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றனர். அவர்களுள் தறியை விட்டுச் சென்ற நெசவாளர்களும் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945இல் போர் முடியும்வரை கடிதமும் பணமும் வரும் வழி அடைபட்டிருந்தது. சயாம்–பர்மா இருப்புப் பாதையில் மடிந்த தமிழ்த் தொழிலாளர்களுள் பலரது பெயர் எப்பட்டியலிலும் இல்லை. கணவர் இருக்கிறாரா இல்லையா என்றறியாத பெண்களுக்கு கத்தாதாவின் கேள்வி, இது நிகழ்ந்ததா என்பது, எப்படி ஒலித்திருக்கும்?

நல்வாய்ப்பாக, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வழக்கு மறுபடி கற்பனை செய்யப்பட்டிருந்தது. கொடுமைக்காரக் கணவர்களிடமிருந்தும் காணாமற்போன கணவர்களிடமிருந்தும் விடுபட வேறு வழியின்றிச் சில பெண்கள் மதம் மாறுவதைக்கூட ஓர் உபாயமாகக் கைக்கொண்ட நிலையில், மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) 1930களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ என்னும் நூலை வெளியிட்டார். மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா பெற்று, இவ்விஷயத்தில் ஹனஃபிகள் மாலிகி மத்ஹபின்படி செயற்படலாம் என்று அந்நூல் முடிவு செய்தது. பின்னர் இயற்றப்பட்ட 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம், கணவரின் இருப்பிடம் நான்கு ஆண்டுகள் அறியப்படாதிருந்தால் மனைவி திருமண முறிவு கோரலாம் என்றது. அத்தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவர் தோன்றி இல்லறக் கடமைகளை நிறைவேற்ற ஆயத்தமாக இருப்பதாக நீதிமன்றத்துக்கு உணர்த்தினால் தீர்ப்பு நீக்கப்படும் என்றும் விதித்தது. கூஃபாவின் பள்ளிவாசலில் கற்பனையாக வாசலில் நின்ற அந்தக் கணவர், இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஆறு மாத அவகாசத்துடன் நிற்கிறார்.

ஆகவே, ஃபிக்ஹு நூல்கள் மீது நாம் வைக்கும் குறை, அவற்றில் கற்பனை மிகுந்துவிட்டது என்பதன்று. சில இடங்களில் போதவில்லை என்பதே.

மேடைகளில் மிகுதியும் நகைக்கப்பட்ட ஒரு வழக்கையும் தொட்டுச் செல்வோம். கிழக்குத் திசையில் உள்ள ஆணுக்கும் மேற்குத் திசையில் உள்ள பெண்ணுக்கும் திருமணம் நிகழ்கிறது. இருவரும் சந்தித்ததாகத் தெரியவில்லை. ஆறு மாதத்துக்குப்பின் குழந்தை பிறந்தால் அது அக்கணவரின் பிள்ளையே என்கின்றனர் ஹனஃபிகள். இறையருளால் அவர் ஒரே இரவில் சென்று வந்திருக்கக்கூடும் என்று சிலர் அளித்த விளக்கம்தான் நகைப்புக்கு இலக்கானது. ஆனால் வழக்கு பறக்கும் வலிமார்களைப் பற்றியதன்று. குழந்தையின் வமிசத்தை நிறுவுவது திருமண ஒப்பந்தமா, சந்திக்கும் சாத்தியமா, உண்மையான சேர்க்கையா? மூன்றும் இயல்பு வாழ்வில் ஒன்றாகவே இருப்பதால் எது காரணம் என்று கண்டறிய முடியாது. இரண்டை அகற்றி ஒன்றை மட்டும் விட்டுவைத்துப் பார்க்கவே இத்தனை தொலைவு தேவைப்பட்டது. ஷாஃபிஈ மத்ஹப் சந்திக்கும் சாத்தியத்தைக் கோரியது. இப்னு தைமிய்யா (ரஹ்) உண்மையான சேர்க்கையைக் கோரினார். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும் இதே இடத்தில் நின்று, தம்பதியர் அணுகியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிறுவப்பட்டாலன்றிக் குழந்தை கணவருடையதே என்கின்றன. நகைத்தவர்கள் கவனிக்கத் தவறியது, ஹனஃபிகளின் விடை எதுவாயினும் அதனால் காக்கப்படுவது ஒரு குழந்தையின் பெயர் என்பதை.

இனி நூலுக்குத் திரும்புவோம். (தமிழில் நெய்யும் இழைக்கும் வாசிக்கும் ஏட்டுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது அன்றைய அமர்வில் எங்களுக்குச் சில குழப்பங்களையும் சில சிரிப்புகளையும் தந்தது.)

பாதி ஆடை கூலியாகாது என்பதற்கு நூலாசிரியர் காட்டும் மாதிரி, மாவரைப்பவருக்கு அரைத்த மாவிலிருந்தே ஒரு படி கூலி தருவது. அதனைத் தடுக்கும் நபிமொழி ஒன்று அறிவிக்கப்பட்டுள்ளது. காரணம் இரண்டாகச் சொல்லப்படும். ஒப்பந்த வேளையில் முதலாளியின் கையில் இல்லாத ஒன்று கூலியாகப் பேசப்படுகிறது. அதுவும் தொழிலாளியின் உழைப்பாலேயே உருவாக வேண்டியதாக உள்ளது. அவர் நெய்து முடிக்காதவரை அவரது கூலி உலகத்தில் இல்லை. இங்கு ஒரு சொல்லை மாற்றுக. ‘இந்தக் கோதுமையின் மாவில் ஒரு படி’ என்பதற்குப் பதிலாக, தரம் குறிப்பிட்டு ‘ஒரு படி மாவு’ என்று மட்டும் பேசியிருந்தால் ஒப்பந்தம் செல்லும். பின்னர் அதே மாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் தடையில்லை. கொடுக்கப்பட்ட மாவு ஒன்றே. கூலி முதலாளியின் பொறுப்பில் நிற்கும் கடனா, தொழிலாளியின் உழைப்பு பலித்தால் மட்டுமே கிடைக்கும் பங்கா என்பதில்தான் வேறுபாடு. அறுவடைக் கூலியை அதே களத்து நெல்லில் அளந்து கொடுத்துப் பழகிய தமிழ் நிலத்தில் இக்கேள்வி விளங்காமற்போவதற்கு நியாயமில்லை.

ஆனால் நெசவு வழக்கு அங்கேயே நிற்கவில்லை. பல்கு நகரத்து ஹனஃபி அறிஞர்கள், தம் ஊர் மக்களிடையே பாதிக்கு நெய்வது பரவலான வழக்காறாக இருந்ததைக் கண்டு அதனை அனுமதித்தனர். ஒரே ஊரின் வழக்காறு நபிமொழியின் பொதுமையைக் குறுக்க இயலுமா என்று பிறர் மறுத்தனர். டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ஹி. 1252) வழக்காறு குறித்து எழுதிய தனி நூலிலும் இவ்விவாதம் இடம்பெறுகிறது. ஹன்பலி மத்ஹபிலோ, மூன்றிலொரு பங்குக்கும் நான்கிலொரு பங்குக்கும் நெய்யக் கொடுப்பதை இமாம் அஹ்மத் (ரஹ்) அனுமதித்துள்ளார்கள். நடவாத ஒன்று என்று நம் இளைஞர் சிரித்த வழக்கு, பல்கின் தெருக்களில் அன்றாடம் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் அங்குள்ளவர்கள் விடையை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது.

நம் மத்ரஸாக்களில் நிகழ்வது யாது? ஹனஃபி வட்டாரத்தில் ஹிதாயாவும், ஷாஃபிஈ வட்டாரத்தில் பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் இயற்றிய ‘ஃபத்ஹுல் முஈ’னும் மஹல்லியும் நாம் கண்டவரை மிகுந்த சிரத்தையுடன் ஓதப்படுகின்றன. வாக்கியத்தின் இலக்கணம் பிரிக்கப்படுகிறது. சுட்டுப்பெயர் எதனைச் சுட்டுகிறது என்று ஒரு நாள் முழுதும் ஆராயப்படுகிறது. இவ்வுழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விடை வந்தவுடன் பாடம் முடிந்துவிடுகிறது. வழக்கின் ஒரு கூறை மாற்றினால் விடை மாறுமா என்று மாணவரைக் கேட்கும் ஆசிரியர்களைக் காண்பது அரிது. ‘அரஅய்த’ என்ற சொல்லின் பொருளை மாணவர் அறிவார். அச்சொல்லைத் தாமே சொல்லிப் பழகவில்லை.

அன்று நாங்கள் சொல்லிப் பழகினோம். நூல் வியாபாரியுடையது, தறி நெசவாளருடையது, கூலி ரொக்கம்: இதில் சிக்கலில்லை. நெய்தபின் மிஞ்சும் நூல் யாருக்கு? பேசிக்கொள்ளாவிடில் வழக்காறு தீர்க்கும் என்றார் ஒருவர். வியாபாரியின் வழக்காறா, நெசவாளரின் வழக்காறா என்று மற்றவர் கேட்டதும் அமைதி நிலவியது. மின்கசிவால் தறிக்கூடம் தீப்பற்றிப் பாவு முழுதும் கருகினால்? பலருக்கும் பொதுவாக வேலைசெய்யும் தொழிலாளியின் கையிலுள்ள பொருள் அமானிதம், அவர் செயலால் அழியாதவரை ஈடு இல்லை என்றார் அபூ ஹனீஃபா. தவிர்க்கவே இயலாத பெருந்தீ போன்றவை நீங்கலாக ஈடு உண்டு என்றனர் அவரது இரு மாணவர்கள். பாதிக்குப் பாதி சமரசம் செய்யுமாறு கூறிய பிற்கால முஃப்திகளும் உளர். பழைய மின்கம்பியை மாற்றாமல் விட்டவரின் தீ, தவிர்க்க இயலாத தீயா? தறிக்காரர் வீட்டு இளைஞர் இப்போது சிரிக்கவில்லை. தம் வீட்டுக் கம்பிகளை அவர் எண்ணிப் பார்த்திருக்கக்கூடும்.

பின்னர் முன்பணத்துக்கு வந்தோம். வியாபாரியிடம் முன்பணம் பெற்ற நெசவாளர் அது தீரும்வரை வேறிடம் மாற முடியாமல் கட்டுண்டிருப்பது தமிழகத்து நெசவுத் தொழிலில் பலரும் அறிந்த செய்தி. முன்பணம் கடன். கடன் வாங்கியதால் அவர் சந்தைக் கூலியைவிடக் குறைவாகப் பெற்று நெய்கிறார் எனில், அக்குறைவு கடன் கொடுத்தவருக்குக் கிடைத்த ஆதாயமன்றோ? ஆதாயத்தை ஈர்க்கும் கடன் வட்டியாகும் என்பதன் அறிவிப்பாளர் தொடர் நபிமொழியாகப் பலவீனமானதே. எனினும் கருத்தளவில் ஃபகீஹ்கள் ஏற்ற விதி அது. மூவரும் அவ்விதியை மனனமாகச் சொன்னார்கள். கடன் பற்றிய பாடத்தில் கற்றது அது. கூலிப் பாடத்தில் அதனை எடுத்துவைத்துப் பார்க்க அவர்களுக்கு எவரும் கற்றுத்தரவில்லை. வங்கி வட்டியைப் பற்றி நம் மிம்பர்களில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. தறியடியில் எழுதாமல் பிடிக்கப்படும் இவ்வட்டியைப் பற்றி ஒரு ஜும்ஆ உரையையும் நாம் இதுவரை கேட்டதில்லை.

அடுத்த வாரம், முதலில் சிரித்த அதே இளைஞர் தாமே ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். கூலி ரொக்கம் என்றுதான் பேச்சு. ஆனால் சரக்குத் தேங்கிய ஒரு மாதத்தில் வியாபாரி, கையில் பணமில்லை, நீ நெய்த சேலைகளில் சிலவற்றையே கூலிக்கு எடுத்துக்கொள் என்கிறார். இது ஹிதாயாவின் பாதி ஆடையா? இல்லை என்று இருவர் உடனே விடை கூறினர். ஒப்பந்தம் ரொக்கத்துக்கே செய்யப்பட்டது, சேலை பின்னர் கடனுக்கு ஈடாகத் தரப்படுகிறது, இருவரும் இசைந்தால் செல்லும். விடை சரியானதே. அப்படியாயின் ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்றார் அவர். நெசவாளருக்கு முன்பணம் பாக்கியிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் முழுத் தொகையையும் நாளையே திருப்பிக் கேட்பார்கள். அவர் சரி என்கிறார். அது இசைவா?

ஹிதாயாவில் இஜாரா பாடத்துக்குப்பின் இரண்டு பாடங்கள் தள்ளி இக்ராஹ், அதாவது நிர்ப்பந்தம் பற்றிய பாடம் வருகிறது. அதனைத் திருப்பி முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினோம்.